முட்டித் தண்ணீரில் போன மானம்

போன கோடையில் என் சகலை, தன் கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜரோடு மெட்ராஸிலிருந்து பழவேற்காடு ஏரிக்கு வந்தார். மீஞ்சூரிலிருந்து நானும் மனைவியும் போயிருந்தோம். மேனேஜரின் மோட்டார் படகு கயிறு கட்டி இழுக்க, சகலை காலில் பலகைகளை மாட்டிக்கொண்டு தண்ணீர்மேல் நின்றபடியே பறந்தார்.

"மாமா இன்னா ஜோரா நிக்கிறாரு பாருங்க!" என்றாள் மனைவி.

எனக்கு வயிறு எரிந்தது. நீச்சல் தெரியாவிட்டாலும் நானும் பலகையை மாட்டிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும், மனைவி பார்க்கிறாளா என்று கரையைத் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான், பலகைகள் ஓரமாய் விலகிப் போக, குப்புற விழுந்தேன்.

"ஐயோ, காப்பாத்துங்க!" என்று அலறினேன்.

பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த மீனவர், "இன்னாத்துக்கு சார் கத்திக்கினு கீற? எயுந்து நில்லு, முட்டித் தண்ணிதான்!" என்றார்.

நான் விழுந்த இடம் ஆழமில்லாத மேடு; அங்கே படகு வராது. ஊரே சிரிக்க, படகுத்துறைவரை சேற்றில் நடந்தேன். சகலை துறையிலிருந்து சேற்றில் இறங்கி வந்து என் பலகைகளைச் சுமந்தார். மனைவி ஓடிவந்து, சகலையைப் பார்த்து, "ஐயோ மாமா, உங்க காலெல்லாம் சேறாயிடுச்சே!" என்றாள்.

இப்போதெல்லாம் சகலை எதைச் செய்து பெயர் வாங்கினாலும், எனக்கும் அது வேண்டுமா என்று ஒரு நாள் பொறுத்துத்தான் முடிவு செய்கிறேன். பொறாமை மட்டும் அன்றைக்கே வந்துவிடுகிறது.