பேரிகையில் சரோஜா பேசிய ஈஸ்டர்

2006 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு. காலை ஆறரை மணிக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில், பாகலூர் வழியாகப் பேரிகை போகும் வண்டியில் ஏறினோம். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்; டிக்கெட் ஆளுக்கு ஒன்பது ரூபாய். நைட் ஷிப்ட் முடித்த கம்பெனி ஆட்கள் யூனிபார்மோடு நின்றபடியே கண்ணயர்ந்துகொண்டிருந்தார்கள்.

பேரிகை என் மனைவி சரோஜா பிறந்த ஊர். தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்த கிறிஸ்தவனான என்னை அவள் கட்டிக்கொண்டதையே அவள் அப்பா நாராயணப்பாவால் தாங்க முடியவில்லை. பிறகு அவள் தானாக விரும்பி ஞானஸ்நானமும் பெற்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. நான்கு வருடங்கள்.

பேரிகையில் இருக்கும் சிறு சபையின் போதகர் நாகர்கோவில்காரர், தெலுங்கு வராது. அங்கே வரும் பெண்களில் பாதிப் பேருக்கு அவருடைய தமிழ் பிடிபடாது. ஆகவே இந்த ஈஸ்டருக்குச் சரோஜாவே தெலுங்கில் செய்தி கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

பாகலூர் தாண்டியதும் ரோஜா வளர்க்கும் பசுமைக் குடில்கள், தக்காளித் தோட்டம், உழுது போட்ட செம்மண். சரோஜா எதையும் பார்க்கவில்லை.

"பயமா இருக்கா?" என்றேன்.

"பேசறதுக்குப் பயமில்லைங்க. ஊர்ல யாராச்சும் சிரிச்சா நைனா காதுக்குப் போவும். அவருக்குத்தான் அவமானம்." நைனா என்றால் அவள் வீட்டுத் தெலுங்கில் அப்பா.

எட்டு மணிக்கு ஆராதனை தொடங்கியது. தகரக் கூரை, தரையில் பாய்கள், வாசலில் மாவிலைத் தோரணம். சரோஜா எழுந்து நின்று ஆரம்பித்தாள். அவளிடம் கற்ற தெலுங்கை வைத்துத்தான் நான் பின்தொடர்ந்தேன். மேசியாவின் வாழ்வு மாட்டுக் கொட்டிலில் தொடங்கவில்லை; உலகம் உண்டாகும் முன்பே அவர் பிதாவோடு இருந்தார்; எல்லாம் அவர் மூலமாக உண்டானது; நமக்காக மனிதராகி, சிலுவையில் மரித்து, உயிர்த்தெழுந்து, இன்றும் உயிரோடிருக்கிறார் என்றாள். குரல் நடுங்கவில்லை.

அப்போது வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. செருப்பைக் கழற்றிவிட்டார், உள்ளே வரவில்லை. சரோஜாவின் பேச்சு பாதியில் நின்றதைப் பார்த்துத்தான், நான் அதுவரை நேரில் பார்த்திராத அவர் யாரென்று எனக்கு விளங்கியது.

"நிறுத்தாதே, சொல்லு" என்றார் நாராயணப்பா, தெலுங்கில். "எனக்கு ஒரு சந்தேகம். செத்துப் பொழைச்சாருன்னு சொல்றே, சரி. பொறக்கறதுக்கு முன்னாடியும் இருந்தாருன்னா, அது எப்படி?"

போதகருக்குக் கேள்வியே புரியவில்லை, என்னைப் பார்த்தார்.

"நைனா, நம்ம தோட்டத்துல போர் போட்டப்போ தண்ணி பீச்சி அடிச்சுதே. அன்னிக்கா அந்தத் தண்ணி உண்டாச்சு?"

"இல்ல. உள்ளே இருந்துச்சு."

"அன்னிக்கு நம்மகிட்ட வந்துச்சு. அவ்வளவுதான். இவரும் அப்படி நம்மகிட்ட வந்தாரு. அந்த நாளைத்தான் பொறந்த நாளுன்னு சொல்றோம்."

பெரியவர் விடவில்லை. "அந்த போர் போன வருஷமே வத்திப்போச்சே."

பாயிலிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சரோஜாவும் சிரித்தாள்.

"அங்கதான் நைனா என் உதாரணம் பத்தாம போவுது. நம்ம தண்ணி வத்தும். சாவு அவரை மூணு நாள் வச்சுப் பாத்துச்சு, முடியல. இனிமே அவருக்குச் சாவு கிடையாது."

நாராயணப்பா தலையை மெல்ல அசைத்தார். உள்ளே வந்து, கடைசிப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஜெபத்தின்போது கண்ணை மூடவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரை மணிக்குப் பேருந்து நிறுத்தம் வரை எங்களோடு நடந்து வந்தார். "மாப்ளே, உங்க சாமி விஷயத்துல நான் வரலை. எனக்கு எங்க சாமி இருக்கு" என்றார் முதலிலேயே.

"சரிங்க மாமா."

தக்காளிக் கூடைகளோடு நின்ற கன்னட வியாபாரி ஒருவர், அங்கே என்ன கூட்டம் என்று கேட்டார். நாராயணப்பா கன்னடத்தில் பதில் சொன்னார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: "என் மகள் பேசினாள். நான் கேள்வி கேட்டேன். நின்று பதில் சொன்னாள்." பேருந்து வருவதற்குள் இன்னும் இரண்டு பேரிடம், கேட்காமலேயே, அதைச் சொல்லிவிட்டார்.

திருநெல்வேலிப் பக்கம் தேவாலயத்தையும் கோவில் என்றுதான் சொல்வோம். எங்கள் ஊர்க் கோவில் கல்லால் கட்டியது, கோபுரம் மூன்று மைலுக்குத் தெரியும். பரம்பரைக் கிறிஸ்தவர்கள் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். அங்கே பிரசங்க பீடத்தில் ஒரு பெண் நின்று நான் பார்த்ததில்லை. வாசலில் நின்று யாரும் கேள்வி கேட்டதும் இல்லை. பாகலூர் வருவதற்குள் சரோஜா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நடத்துநர் டிக்கெட் கேட்டு வந்தபோது, அவளை எழுப்பாமல், "அவங்க என் வீட்டுக்காரம்மா" என்றேன். அவர் கேட்டது அது இல்லை.