ராக்கெட் வீரனும் அண்ணனின் மூச்சும்

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழையும் இருக்கலாம். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை யாரிடமும் வாயால் சொல்ல எனக்குக் கூச்சம்.

என் அண்ணன் தங்கச் சுரங்கம் மூடும்வரை உள்ளே இறங்கி வேலை செய்தவர். அந்தத் தூசி இப்போது அவர் நெஞ்சில் இருக்கிறது. ஆக்சிஜன் மாஸ்க் போடாவிட்டால் இந்த மழைக்காலம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெஷின் கொண்டுவந்து வைத்தேன். அண்ணன் தொடவில்லை. காரணம் எனக்குத் தெரியும். சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகள் உள்ள எங்கள் லைனில் ஒரு வீட்டுக்கு ஆக்சிஜன் வந்துவிட்டது என்றால் ஆட்கள் பிரெட்டும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். கட்டிலருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, வாசலில் நின்று சாவுப் பந்தலுக்கு யாரிடம் சொல்வது என்று பேசுவார்கள். அண்ணனும் பல வீடுகளில் அப்படி நின்று பேசியவர்தான்.

சின்ன வயதில் ஒரு விண்வெளி வீரனின் படக்கதையை அண்ணன்தான் எனக்கு வாசித்துக் காட்டுவார். ராக்கெட் கிளம்பும் கட்டம் வந்தால் நாக்கால் மணியடிப்பார். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கும் கேஜ், அந்த இரும்புக்கூண்டு, மணியடித்த பிறகுதான் நகரும். ராக்கெட்டும் அப்படித்தான் என்று இருவரும் நம்பினோம்.

அந்த வீரனைப் பலமுறை படமாக எடுத்திருக்கிறார்களாம். பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் அண்ணன் மகள் என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். முதலில் பழைய கறுப்பு வெள்ளைத் தொடர். ராக்கெட் கம்பியில் ஆடிக்கொண்டே போனது.

“இன்னாடா இது, புஸ்வாணத்துக்கு றெக்க கட்டினாப்ல கீது” என்று அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி மூச்சு அடைத்தது. அப்போதும் இரண்டு கையும் போனை விடவில்லை. நான் மாஸ்க்கை மாட்டினேன். படத்தை விட்டுவிட்டு அவர் அதைக் கழற்றவில்லை.

அன்றிலிருந்து யாரும் பார்க்காதபடி கதவைச் சாத்திவிட்டு, படம் ஓடும்வரை மாஸ்க். முடிந்ததும் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். ஒருநாள் கெஞ்சிப் பார்த்தேன்.

“அவன் எந்த கிரகத்துல மூடி போட்டான்? தலைகூட கலையல. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு?” என்றார்.

தொடர் தீர்ந்தது. பிறகு வந்த கலர் படமும் தீர்ந்தது. கார்ட்டூனைக் கொடுக்கும்போதே, இதற்குமேல் எடுக்கவில்லை சித்தப்பா என்று மகள் சொல்லிவிட்டாள். வேறொரு ராக்கெட் படம் வைத்துப் பார்த்தேன். இவன் யார் என்று கேட்டு அண்ணன் போனைக் கவிழ்த்துவிட்டார். அதனால் பார்த்த கார்ட்டூனையே மறுபடி வைத்து, போன் தானாகப் பின்னால் போய்விட்டது என்று சொல்லிவந்தேன்.

இன்று மாஸ்க்கோடு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனைக் கீழே வைத்தார்.

“இத பாத்தாச்சுடா. தீந்துபோச்சா?”

“ஆமாண்ணா.”

கை மாஸ்க்குக்குப் போனது. நான் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். கழற்றிவிட்டார் என்றே நினைத்தேன்.

“கதவத் தொறந்து வுடு. வர்றவங்க வரட்டும்” என்றார். மாஸ்க்குக்குள்ளிருந்துதான் அந்தக் குரல் வந்தது.

திறந்து வைத்தேன். மாஸ்க்கோடு இருக்கிறார் என்று சந்தோஷப்படுவதா, பந்தல் பேச்சுக்குத் தயாராகிவிட்டார் என்று அழுவதா, தெரியவில்லை.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை.