பக்கத்து சீட்டுக்கு வைத்த பேஸ் நாப்

1. மூன்றாவது தடவை

அந்த வெள்ளை ஹேட்ச்பேக் மூன்றாவது தடவையாகக் கடை வாசலில் வந்து நின்றபோது எனக்கு வாய்வரைக்கும் ஒரு கெட்ட வார்த்தை வந்துவிட்டது. முழுங்கிக்கொண்டேன். பாலக்கரையில் கார் ஆடியோ ஃபிட்டராக எத்தனையோ வருஷம் ஓட்டியவன் நான். ஆம்ப்புக்கு, அதாவது ஆம்ப்ளிஃபயருக்கு, பொருத்தமாக நான் போட்டுக்கொடுத்த பேஸ் ஸ்பீக்கர், அதுதான் சப்-வூஃபர், திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. இந்த மனுஷர் மட்டும் வந்துகொண்டே இருந்தார்.

பெயர் கோவிந்தராஜு. கேட், ஜன்னல் கிரில் என்று ஆயுசு முழுக்க இரும்பு அடித்தவர். பட்டறையை மூடிவிட்டு செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கியிருந்தார். பழைய ஓனர் சப்-வூஃபரை மட்டும் கழற்றிக்கொண்டு, ஆம்ப்பை டிக்கியிலேயே விட்டிருந்தார்.

முதல் தடவை வந்தபோது கோவிந்தராஜு சொன்னது இவ்வளவுதான்: "ஆம்ப் இருக்கு தம்பி. அதுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு போடுங்க. நல்லா அடிக்கணும்."

2. கணக்கு சரி, ஆள் சரியில்லை

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள். சப்-வூஃபர் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ஆயிரத்து இருநூறு வாட்ஸ் என்று போட்டிருக்கும். அது கண்காட்சி. பொடி எழுத்தில் ஆர்எம்எஸ் என்று ஒன்று இருக்கும், அதுதான் அது தொடர்ந்து தாங்கும் அளவு. ஆம்ப் எத்தனை ஓமில் (ஓம் என்பது மின்தடை அளவு) எவ்வளவு தள்ளும் என்று பாருங்கள். அதே ஓம், அதே ஆர்எம்எஸ் உள்ள சப்-வூஃபரை எடுங்கள். முடிந்தது.

அவருடைய ஆம்ப் நாலு ஓமில் முந்நூறு வாட்ஸ் தள்ளும். நான் எடுத்தது பத்து இஞ்ச், நாலு ஓம், முந்நூறு வாட்ஸ். மாப்பிள்ளை பெண் ஜோடி மாதிரி அவ்வளவு பொருத்தம்.

"என்ன மாதிரி பாட்டு கேப்பீங்க சார்?" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"மூடின சீல்டு பாக்ஸா, ஓட்டை வச்ச போர்ட்டட் பாக்ஸா சார்?" அதற்கும் அதே சிரிப்பு, அதே தலையாட்டல். நம்மை மதிக்காத ஆள் போலிருக்கிறது என்று எனக்குச் சுருக்கென்றது.

நாலே நாளில் திரும்பி வந்தார். "பத்தல தம்பி."

மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. சரி, தொலையட்டும் என்று பன்னிரண்டு இஞ்ச் போட்டேன். அதில் இரண்டு காயில், ஒவ்வொன்றும் நாலு ஓம். பேரலலாகச் சேர்த்தால் ரெண்டு ஓம். அந்த ஆம்ப் ரெண்டு ஓமில் ஐந்நூறு தள்ளும். பாட்டைப் போட்டதும் நம்பர் பிளேட் தடதடவென்று ஆடியது. எதிர் டீக்கடைக்காரர், "யோவ், கடையை இடிச்சிடாதய்யா!" என்று கத்தினார். கோவிந்தராஜு சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ம்… இப்பப் பரவாயில்ல. பக்கத்துல உக்காந்து பேசுனா காதுல விழக் கூடாது. அதான் எனக்கு வேணும்."

அவர் போனதும் கடை முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "வீட்டம்மா வாயை அடைக்கப் பன்னெண்டு இஞ்ச் கேக்குறாருய்யா!" நானும் சிரித்தேன்.

3. கழற்றாதே, குறைக்காதே

மூன்றாவது தடவை வந்தபோது வீட்டம்மாவும் கூடவே இறங்கினார். கோவிந்தராஜு டீக்கடைப் பக்கம் நகர்ந்ததும் என்னிடம் வந்தார். இன்றைக்கு நமக்கு அர்ச்சனைதான் என்று நின்றேன்.

"தம்பி, இந்தச் சத்தத்துல பின்னாடி வர்ற பஸ் ஹாரன் எனக்குக் கேக்கவே மாட்டேங்குது."

"கழட்டிடவாம்மா?"

"ஐயையோ, கழட்டிடாதீங்க!"

"அப்போ சவுண்டைக் குறைச்சு வைக்கவா?"

"குறைச்சா அவரு கண்டுபிடிச்சிடுவாரே."

எனக்குத் தலை கிறுகிறுத்தது. கழற்றக் கூடாது, குறைக்கக் கூடாது, ஆனால் ஹாரன் கேட்க வேண்டும். அவருக்குப் பேச்சு காதில் விழக் கூடாது. நான் என்ன மந்திரவாதியா? "ரெண்டு பேருக்கும் என்னதாம்மா வேணும்?" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"கத்தாதீங்க தம்பி. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. அவருக்குத்தான் கேக்காது."

அந்தத் தலையாட்டல், அந்தச் சிரிப்பு, சீட்டில் வைத்துப் பார்த்த உள்ளங்கை எல்லாம் அப்போதுதான் புரிந்தது.

"இரும்பு அடிச்சு அடிச்சுப் போயிடுச்சு. வெளிய சொல்ல மாட்டாரு. காது மெஷின் வாங்கலாமான்னு மக ஒரு தடவை கேட்டதுக்கு, நான் என்ன செவிடான்னு சாப்பிடாமப் படுத்துட்டாரு. வீட்டுல நான் மெதுவாப் பேசுனா அவருக்குக் கேக்காது. கத்திப் பேசுனா மூஞ்சி செத்துப்போயிடும். அதனால பேச்சே நின்னுபோச்சு. இந்தக் கார்ல பாட்டு ஓடுதுல்ல, நான் கத்தலாம். அவரும் என்ன, என்னன்னு கேக்கலாம். பழி பாட்டு மேல போயிடும். சனிக்கிழமை ஸ்ரீரங்கத்துல மக வீட்டுக்குப் போறப்பதான் தம்பி நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறோம்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஹாரன் கேட்டா அவரு தொடையைத் தட்டுவேன், ஒதுங்கிடுவாரு. போன வாரம் காவேரிப் பாலத்துல எனக்கே கேக்கல. ஒரு பஸ் உரசிட்டுப் போச்சு. மகளையும் ஏத்திட்டு வந்தோம், அவ பின்சீட்டுலதான் இருந்தா. இன்னொரு தடவை இப்படி ஆனா சாவியைப் பிடுங்கிடுவேன்னுட்டா. சாவி போச்சுன்னா எல்லாம் போச்சு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதலாளியோடு சேர்ந்து சிரித்தது நெஞ்சைக் குத்தியது.

4. பொருந்தாத பொருத்தம்

பன்னிரண்டு இஞ்சைக் கழற்றினேன். மெல்லிசான பெட்டியில் வரும் எட்டு இஞ்ச் சப்-வூஃபர் ஒன்றை எடுத்தேன். நாலு ஓம், வெறும் நூற்றைம்பது வாட்ஸ். டிரைவர் சீட்டுக்கு அடியில் முடுக்கினேன்.

முதலாளி ஓடி வந்தார். "என்ன மணி, அந்த ஆம்ப்புக்கு இந்தத் துக்கடாவா? மண்டை குழம்பிடுச்சா?"

"ஆமாங்க, குழம்பித்தான் போச்சு," என்றேன்.

ஆம்ப்பில் கெயினை, அதாவது அது தள்ளும் சக்தியை, நன்றாகக் குறைத்தேன். இல்லையென்றால் சின்ன சப்-வூஃபர் புகைந்துவிடும். பேஸைக் கூட்டிக் குறைக்கும் நாபை எப்போதும் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில்தான் வைப்போம். நான் ஒயரை நீட்டி இழுத்து, அந்தம்மா உட்காரும் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே வைத்தேன்.

கோவிந்தராஜு டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பாட்டைப் போட்டேன். வெளியே டீக்கடையில் கிளாஸ் கழுவும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. அவருக்கோ சீட்டோடு சேர்த்து முதுகு அதிர்ந்தது. முகம் அப்படி மலர்ந்தது. "அடேங்கப்பா! இப்பதான்யா அடிக்குது!"

அந்தம்மா காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். அப்போதுதான் கோவிந்தராஜு நாபைக் கவனித்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். என்னை ஜன்னல் பக்கம் குனியச் சொன்னார். ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"நாப் அந்தப் பக்கமே இருக்கட்டும் தம்பி. ஹாரன் அவளுக்குத்தானே கேக்கும்."

மறுபக்கக் கதவில் கை வைத்திருந்த அந்தம்மா அப்படியே நின்றுவிட்டார். பிறகு எதுவும் காதில் விழாதவர் மாதிரி ஏறி உட்கார்ந்தார்.

யார் யாருக்கு மறைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான். ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டேன். இப்போது யார் வந்து சப்-வூஃபர் கேட்டாலும், ஓமும் வாட்ஸும் பார்ப்பதற்கு முன்னால், பக்கத்து சீட்டில் யார் உட்காருவார்கள் என்று கேட்டுவிடுகிறேன்.

அந்தம்மா கையால் நாபை ஒரு சுற்று கூட்டினார். "என்னங்க, போலாமா?" என்று கத்தினார்.

"பாட்டு ஓடுதுல்ல," என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக. "இன்னும் சத்தமாச் சொல்லு!"