துக்கம் யார் வீட்டுக்கு

எங்கள் குடும்பத்தில் பண்டிகை என்றால் லாயாங் லாயாங் ஊரில் இருக்கும் அண்ணன் வீடுதான். பொங்கலுக்கு அங்கே கூடுவோம். சீனப் பெருநாள் விடுமுறையில் பிள்ளைகள் பட்டாசு வெடிப்பதும் அங்கேதான். நோன்புப் பெருநாளுக்கு எதிர்வீட்டு மலாய்க் குடும்பம் கூப்பிடும்; கும்பலாகப் போய் ரெண்டாங் கறி சாப்பிட்டு வருவோம். தீபாவளிக்கு அண்ணி ஒரு நிறம் சொல்வார். எல்லோரும் அந்த நிறத்தில் உடுத்தி, வாசல் கேட்டுக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வோம்.

"ஃபேமிலின்னா மெமரி வேணும்லா" என்பார் அண்ணன்.

தம்பி மகளுக்கு ஒன்பது வயது; நான் அவளுக்கு அத்தை. அண்ணனின் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் குடும்பத்தில் சின்னது அவள் ஒருத்திதான். எல்லாப் படங்களிலும் அண்ணனின் தோளில்தான் இருப்பாள். கடைசியாக நாங்கள் எல்லோரும் கூடிய பொங்கலில் தம்பி மனைவி, "எறங்குடி, பெரியப்பாவுக்கு கழுத்து போயிடும்" என்றாள். "நீ சும்மா இரும்மா. என் கழுத்து, அவ சீட்டு" என்றார் அண்ணன்.

தம்பி வீடு தம்போயில். தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போய் வேலை பார்த்தவன். அந்தப் பொங்கலுக்கு அடுத்து வந்த சீனப் பெருநாள் விடுமுறையில், குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. மகன் இல்லாததால் அண்ணன்தான் மீசையை மழித்துக் கொள்ளி வைத்தார்.

எங்கள் வழக்கம் இது: ஒருவர் இறந்தால் பங்காளிகள் அனைவருக்கும் ஓராண்டு பண்டிகை இல்லை. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. வெளியார்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். பங்காளிக்குப் பங்காளி கொடுக்க முடியாது; இருவர் வீட்டிலும் ஒரே துக்கம். அப்பா இறந்த வருடம் தீபாவளியன்று ரசமும் சோறும் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் தந்த அதிரசத்தை ஆளுக்கொன்றாகப் பிட்டுக்கொண்டோம். அண்ணன்தான் பங்கு வைத்தார்.

ஆனால் அண்ணன் மகளுக்கு, தம்பி இறப்பதற்கு முந்திய கார்த்திகையில் கல்யாணம் ஆகியிருந்தது. வரப்போவது அவளுக்குத் தலைத் தீபாவளி.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குளுவாங்கிலிருந்து அண்ணனைப் பார்க்கப் போனேன். மேசைமேல் மயில் நீலத் துணிகள் கிடந்தன.

"அண்ணி, நமக்கு இன்னும் வருஷம் திரும்பலையே" என்றேன்.

"தலைத் தீவாளிய விட முடியுமா? மாப்பிள்ள வீட்டுல என்ன நெனைப்பாங்க? துக்கம் அவங்க வீட்டுக்கு. தனி வீடு, தனி அடுப்பு. யூடியூப்ல ஒரு சாமியாரே தெளிவா சொல்லிட்டாரு."

நான் அண்ணனைப் பார்த்தேன். "கொள்ளி வச்சது நீங்கதானேண்ணே?"

"அதான் மீச வளந்துருச்சே" என்றார். பக்கத்தில் இருந்த புது மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

"அப்ப தம்பி பொண்டாட்டியும் பிள்ளையும் வரலாமா?"

"அலமாக், அவ எப்படி வருவா?" என்றார் அண்ணி. "நல்ல நாளும் அதுவுமா, பொட்டில்லாம வந்து படத்துல நிப்பாளா? நீயே சொல்லு."

"பிள்ள?"

"பிள்ளய மட்டும் கூப்பிட்டா அவ மனசு நோகும்ல." இதை அண்ணி இரக்கத்தோடுதான் சொன்னார்.

தீபாவளிக்கு முதல் நாள் அண்ணி குளுவாங்கில் என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஒரு டின்னைக் கொடுத்தார். உள்ளே முறுக்கும் நெய்யுருண்டையும். "நாளைக்கு தம்போய்தானே போற? துக்க வீட்டுக்குப் பலகாரம் குடுக்கணும்ல. மறந்துட்டேன்னு யாரும் சொல்லக் கூடாது."

"நம்மளே குடுக்கக் கூடாது அண்ணி."

"பிள்ள திங்கட்டும், குடு."

வாங்கிக்கொண்டேன். தம்பி மனைவிக்கு விஷயம் தெரியவேண்டும் என்றுதான் எடுத்துப்போனேன். வாயால் சொல்லியிருந்தால், சொன்னவள் என்ற பெயர் எனக்கு வந்திருக்கும்.

மறுநாள் காலை தம்போயில் அவள் டின்னைத் திறந்து பார்த்தாள்.

"யாரு சுட்டது அக்கா?"

"அண்ணி."

"அவங்க அடுப்புல எண்ணெ காஞ்சுச்சா?"

"காஞ்சுச்சு."

மூடியை அழுத்தி மூடினாள். "சரி. அப்ப நாங்க வெளியாளு." டின்னை எடுத்துப்போய்க் கீழ்வீட்டுச் சீனக் கிழவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

பகலில் குடும்பக் குழுவில் படம் வந்தது. பிள்ளை என் கைப்பேசியை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். எல்லோரும் மயில் நீலத்தில் இருந்தார்கள். கீழே அண்ணன் எழுதியிருந்தார்: 'தலைத் தீபாவளி. எல்லாரும் இருக்கோம்.'

"இந்தக் கலர்ல எனக்கும் பாவாட இருக்கு அத்தை" என்றாள். இன்னும் பெரிதாக்கினாள். "பெரியப்பா தோள்ல இருக்கிறது யாரு?"

"மாப்பிள்ளையோட அக்கா பையன்."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று பள்ளிக்கூடமே இல்லை.

தை மாதம் தம்பிக்கு முதல் வருடத் திதி வந்தது. தம்பி மனைவி எல்லோரையும் அழைத்திருந்தாள். அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு, பை நிறைய வாழைக்காயும் பூசணியும் வாங்கி வந்தார். யாரும் சொல்வதற்கு முன்பே சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தார். ஐயர் முன் விரித்திருந்த பாயில் ஏற்கெனவே பிள்ளை உட்கார்ந்திருந்தாள்.

"நீ எந்திரிடா கண்ணு, பெரியப்பா செய்றேன்."

பிள்ளை எழுந்திருக்கவில்லை. தம்பி மனைவி அடுப்படியிலிருந்தே பேசினாள். "அவ செய்வா மாமா. நீங்க இருந்து சாப்பிட்டுப் போங்க."

"பொம்பளப் பிள்ளையா? ஊர் சிரிக்கும்மா. நான் இருக்கும்போது."

ஐயருக்கு அவசரம், அடுத்து மாசாய் ஊரில் இன்னொரு வீட்டுத் திதி இருந்தது. "சண்ட வேண்டாம். பங்காளி இருந்தா அவரு செய்யட்டும், இல்லன்னா பிள்ள செய்யட்டும்" என்றவர் பிள்ளையிடம் குனிந்தார். "இவரு உனக்கு யாரும்மா?"

அண்ணன் சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தார். அந்தப் பதிலில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அங்கிள்" என்றாள்.

பள்ளிப் பேருந்து ஓட்டுபவரும் இங்கே அங்கிள்தான், காய்கறிக் கடைக்காரரும் அங்கிள்தான். ஐயர் அதற்குமேல் கேட்கவில்லை. "அப்ப கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்" என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். முறையைச் சொல்ல அந்த அறையில் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். அண்ணி, "சொல்லேன்" என்று என் முழங்கையை இடித்தார்.

நான் அண்ணனின் சட்டையை நாற்காலியில் வைத்துவிட்டுக் குனிந்து, எள்ளையும் தண்ணீர்ச் செம்பையும் பிள்ளையின் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தேன்.