ஆளுக்கு ரெண்டு ரொட்டி

போன வெள்ளிக்கிழமை பின்னேரம். பொகவந்தலாவைக்குப் போகிற ஒரு தோட்டப் பாதை. நல்ல மழை. ஒரு பெண் சேற்றில் குந்திக்கொண்டு, அறுந்துபோன சைக்கிள் செயினைக் கோத்துக்கொண்டிருந்தார். குளிரில் விரல்கள் விறைத்துவிட்டன. கோத்தார்... நழுவியது. மறுபடி கோத்தார். மறுபடி நழுவியது.

நான் இருபது அடி தள்ளி, ஒரு ஜீப்புக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் காலடியில் குறடு, ஸ்பானர், பழைய துணி எல்லாம் இருந்தன.

நான் இறங்கவில்லை.

என்னைத் திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு மவுண்டன் சைக்கிள் போட்டி. வெள்ளி விடியற்காலையில் கினிகத்தேனையில் புறப்பட்டு, தேயிலைத் தோட்டங்களுக்குள் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கி, ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் பட்டிப்பொல ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர வேண்டும். தார் ரோடு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கல்லும் சேறும்.

இதில் ஒரு விசேஷம் — ஓட்டுகிறவருக்கு யாரும் உதவக் கூடாது. சாப்பாடு, தூக்கம், பஞ்சர், காய்ச்சல் எல்லாம் அவரவர் பாடு. வழியில் கடை இருந்தால் வாங்கிச் சாப்பிடலாம். ஏனென்றால் கடை எல்லோருக்கும் பொது. ஆனால் சொந்தக்காரர் ஒரு வாழைப்பழம் கொடுத்தால்கூட ஆள் அவுட்!

இருபது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். யார் எத்தனை மணிக்கு எந்த இடத்தைத் தாண்டினார்கள் என்று பின்னாலேயே போய்க் குறிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர் என் நண்பர் தில்லைநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் கல்வி அதிகாரி. ஜீப் அவருடையது. இன்னொருவர் நான்.

"சும்மா ஜீப்பில இருந்து பாக்கிற வேலைதான், ஐசே. உமக்கும் எழுத ஏதாவது கிடைக்கும்" என்றார்.

சும்மா இருந்து பார்ப்பது லேசான வேலை என்று நானும் நம்பிவிட்டேன்.

சேற்றில் குந்தியிருந்தவர் ரேணுகா. வயது முப்பத்து நான்கு. வட்டவளைப் பக்கத்துத் தோட்டங்களில் மிட்வைஃப். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்க தொழிலாளர் குடியிருப்புகளுக்கு லயம் லயமாகப் போகிறவர். பஸ் ஏறாத மேட்டுக்கெல்லாம் சைக்கிளில் போய்ப் போய்ப் பழகியவர். கணவருக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை. வீட்டில் ஏழு வயது மகளும் மாமியாரும்.

கினிகத்தேனையில் புறப்படுகிறபோது அவரிடம் கேட்டிருந்தேன். "எதுக்கு மிஸ் இவ்வளவு கஷ்டம்?"

"டெய்லி யாரோ ஒருத்தருக்காகத்தான் மேடு ஏறுறேன் சேர். ஒரு தடவ எனக்காக ஏறிப் பாப்போமேன்னு..." சொல்லிவிட்டு வெட்கத்தில் சிரித்தார். "லீவும் மிச்சம் இருந்துச்சு."

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"மாமி ஒரு மாசமா எங்கிட்டப் பேசல."

அந்தப் பெண்தான் இப்போது மழையில் செயினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நாதன், அந்தக் குறட்டை மட்டும் குடுத்துட்டு வந்துடுறேன்..."

"விதி எண்டா விதிதான். இப்ப நீர் இறங்கினால் அந்தப் பிள்ளை பட்ட பாடெல்லாம் வீண். பேசாமல் இரும்."

நாற்பது நிமிடம். கடைசியில் செயின் பிடித்தது. கையைப் பாவாடையில் துடைக்கிற பழக்கத்தில் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, சைக்கிளில் ஏறி எங்களைக் கடந்து போனார். ஜீப்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒருவருக்கு உதவி செய்து களைத்துப்போயிருக்கிறீர்களா? அந்தக் களைப்புக்குத் தூக்கம் வரும். உதவாமல் உட்கார்ந்து களைத்தால் தூக்கமும் வருவதில்லை. அன்று தங்கிய இடத்தில் தில்லைநாதனும் புரண்டு புரண்டுதான் படுத்தார்.

சனிக்கிழமை. றொசல்ல ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு திருப்பம். அங்கே தறப்பாள் கட்டி, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, ஒரு அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பெயர் மாரியாயி. ரோட்டில் நின்ற ஒருவர் சொன்னார் — ரேணுகாவின் மாமியார்!

தில்லைநாதன் நோட்டோடு இறங்கிவிட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

"அம்மா, நீங்கள் ரேணுகாவின்ர மாமி எல்லோ?"

"ஆமாங்க."

"போட்டியில ஓடுற ஆக்களுக்கு வீட்டாக்கள் சாப்பாடு குடுக்கக் கூடாது. தெரியுமோ?"

"தெரியுங்க. அவளுக்குக் குடுத்த பேப்பரப் பேத்தி வாசிச்சுக் காட்டுச்சு. எல்லாருக்கும் பொதுவா இருந்தா சாப்பிடலாம்னு போட்டிருக்காமே? நானும் பொதுவாத்தான் குடுக்குறேன். காலையில இருந்து வர்ற சைக்கிளையெல்லாம் நிப்பாட்டிக்கிட்டு இருக்கேன். ஆளுக்கு ரெண்டு ரொட்டி, சம்பல், ஒரு கப் பிளேன்டி. தமிழ்ப் புள்ள, சிங்களப் புள்ள, வெள்ளக்காரன் ஒருத்தன்... எல்லாரும் சாப்பிட்டாங்க. நீங்க வேணும்னா நோட்டப் பாத்து எண்ணிக்குங்க."

தில்லைநாதன் உண்மையாகவே நோட்டைத் திறந்தார். இருபதில் மூன்று பேர் முதல் நாளே விலகிவிட்டார்கள். பதினாறு பேர் றொசல்லையைத் தாண்டியாயிற்று. வர வேண்டியவர் ஒருவர்தான்.

"பதினாறு பேருக்கும் குடுத்தனீங்களோ?"

"ஒருத்தன் நிக்கல. கையக் காட்டிட்டுப் போயிட்டான். அவன் பங்க எடுத்து வச்சிருக்கேன்." ஒரு துணிப் பொட்டலத்தைக் காட்டினார். "திரும்பி வந்தா அவனுக்குத்தான்."

முப்பது வருடமாகச் சுற்றறிக்கை படித்த மனிதர் தில்லைநாதன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொதுவெண்டால்... பொதுதான்" என்றார்.

எனக்கோ நல்ல பசி. ரொட்டி வாசம் வேறு. "எங்களுக்கும் ரெண்டு கிடைக்குமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"நீங்க சைக்கிள்ல வரலீங்களே."

ரேணுகா வர மூன்று மணி நேரம் ஆனது. எங்கேயோ விழுந்திருக்கிறார். வலது முழங்கால் வீங்கி, காற்சட்டை கிழிந்து, இரத்தமும் சேறும் சேர்ந்து காய்ந்திருந்தது. மாமியாரைக் கண்டதும் பயந்துபோய் முதலில் எங்களைத்தான் பார்த்தார்.

"சாப்பிடலாம் பிள்ளை. விதிப்படி சரி" என்றார் தில்லைநாதன்.

மாரியாயி எழுந்திருக்கவில்லை. தட்டை நீட்டினார். ரேணுகா அப்படியே தரையில் உட்கார்ந்தார். இரண்டு ரொட்டியும் எப்படிப் போனதென்று தெரியாது. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"இன்னொன்னு இருக்கா மாமி?"

மாரியாயி அந்தத் துணிப் பொட்டலத்தைப் பார்த்தார். அப்புறம் தில்லைநாதனைப் பார்த்தார். தில்லைநாதன் ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார் — ரயில் ஒன்றும் வரவில்லை. அந்த நேரத்தில் மாரியாயி எடுத்துக் கொடுத்திருந்தால் நாங்கள் இருவருமே கண்டிருக்க மாட்டோம். சத்தியமாக.

"ஆளுக்கு ரெண்டுதான்" என்றார் மாரியாயி.

ரேணுகா தலையாட்டிவிட்டு எழுந்தார். சைக்கிளில் ஏறும்போது கால் மடங்கி ஒரு பக்கம் சரிந்தார். மாமியாரின் கை சீட்டைப் பிடிக்கப் போனது. பாதி வழியில் நின்றது. அந்தக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"பாத்துப் போ. பாப்பாவுக்குச் சளி கொறஞ்சிருச்சு."

ஒரு மாதத்துக்குப் பிறகு மருமகளிடம் வலியப் பேசிய பேச்சு அது. ரேணுகா திரும்பாமலேயே "சரிங்க மாமி" என்றார். சைக்கிள் மேட்டில் மறைகிற வரைக்கும் மாரியாயி அடுப்பைக் கிளறுவதுபோல் குனிந்தே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. பட்டிப்பொலவில் மூடுபனி. தண்டவாளத்தின் அந்தப் பக்கம் தெரியவில்லை. மூன்று மணிக்குள் பதினாறு பேரும் வந்து சேர்ந்து, போர்த்திக்கொண்டு பிளாட்ஃபாரத்தில் கிடந்தார்கள். ரேணுகாவைக் கடைசியாக நாங்கள் அம்பேவெலவில் பார்த்திருந்தோம். முழங்கால் மடங்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

நாலரை. நாலே முக்கால். தில்லைநாதன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக நின்றார். சரியாக ஐந்துக்கு நோட்டில் ஒரு கோடு கிழித்தார். 'நேரம் முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

போட்ட அடுத்த நிமிடம் மனிதர் ஓடத் தொடங்கினார்! ஐம்பத்தாறு வயது, சர்க்கரை வியாதி. ஜீப்பிலிருந்து பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, பனிக்குள் அந்த ரோட்டில் தடதடவென்று இறங்கி ஓடுகிறார். ஜீப்பை ஓட்டிப் போகலாம் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு.

ஒரு கிலோமீட்டர் தள்ளி ரேணுகாவைக் கண்டோம். சைக்கிளில் சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தார்.

"பிள்ளை... நேரம் முடிஞ்சுது."

"தெரியுங்க சேர். மணி பாத்தேன்."

"இனி ஒரு விதியும் இல்லை. இந்தாம்மா, தேத்தண்ணியைக் குடி. சைக்கிளைத் தா, நான் உருட்டுறன். இவர் போய் ஜீப்பைக் கொண்டு வருவார்."

ரேணுகா தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். இரண்டு கப். சைக்கிளைக் கொடுக்கவில்லை.

"ஸ்டேஷன் இன்னும் எவ்வளவு தூரம் சேர்?"

"ஒரு கிலோமீட்டர்."

"அப்ப வந்துர்றேன்."

தோற்றுப்போன பிறகு எதற்கு நடக்க வேண்டும்? நான் கேட்கவில்லை. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நடந்தோம். ஒரு கிலோமீட்டர் அவ்வளவு நீளமானது என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

ஸ்டேஷனில் பேனரைக் கழற்றிவிட்டார்கள். ரேணுகாவைக் கண்டதும் பிளாட்ஃபாரத்தில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கை தட்ட யாருக்கும் தெம்பில்லை. சும்மா நின்றார்கள்.

தில்லைநாதன் நோட்டைத் திறந்து, தான் கிழித்த கோட்டுக்குக் கீழே ரேணுகாவின் பெயரையும் நேரத்தையும் எழுதினார். போட்டியை முடித்தவர்களின் பட்டியலில் அந்தப் பெயர் வராது. அது அவருக்கும் தெரியும்.

ரேணுகா வீட்டுக்குப் போன் போட்டார். "மாமி... வந்துட்டேன். இல்ல, லேட்டுதான்." அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ, போனைக் காதில் வைத்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். நாங்கள் கொஞ்சம் தள்ளிப் போனோம்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ரேணுகா கிளினிக்கில் நொண்டி நொண்டிப் பிள்ளைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தாராம்.

சுகயீன லீவு போட்டது தில்லைநாதன்.