நன்றிக் கடிதம் எழுதச் சொன்ன வகுப்பில்

“ஐப்பசி மாதம், புதன்கிழமை, கட்டுரைப் பயிற்சி.” என்னிடம் இருக்கும் தாளின் தலைப்பு இது. வருடம் எழுதியிருந்த மூலை கிழிந்துவிட்டது. ஊகித்துச் சொல்ல மாட்டேன். மலையில் கோப்பிக்கு இலைநோய் கண்டிருந்தது, ஆனாலும் பழம் எடுப்பு நடந்துகொண்டிருந்தது என்பது நிச்சயம்.

எங்கள் கண்டிக் கல்லூரிக்கு நன்கொடை கொடுத்த, ஹேவாஹெட்ட மலையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைத் துரை ஒருவருக்கு ஆங்கிலத்தில் நன்றிக் கடிதம் எழுதுவதே அன்றைய பயிற்சி. ஒரு வசனத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதையே அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தோம். தாய் தகப்பன் இல்லாத என்னைப் படிக்க அனுப்பிய என் அக்கா அன்னம்மாள், அதே துரையின் தோட்டத்தில்தான் பழம் பறித்தாள்.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, கோப்பி மூட்டை ஏற்றிவரும் வண்டிக்கார முனியாண்டி அண்ணன் வேதக்கோயில் வாசலில் எனக்காகக் காத்து நின்றார்.

“அக்காவுக்குக் காச்சல் விடல தம்பி. கஞ்சித் தண்ணிகூட இறங்கல. ஆசுபத்திரிக்குப் போகத் துண்டு கேட்டுச்சு. கங்காணி, ‘பழம் முடியட்டும், அப்புறம் படுத்துக்க’ங்கிறான்.”

துண்டு என்பது தோட்டத்தை விட்டுப் போக அனுமதிக்கும் சீட்டு. அது இல்லாமல் இறங்கினால் ஓடிப்போனவள் என்று பிடித்து மறியல் கூடத்தில் அடைத்துவிடுவார்கள்.

எல்லோரும் போனபின் கோயிலுக்குள் போனேன். முழங்காலிடவில்லை, நின்றேன். “ஆண்டவரே, ஸ்தோத்திரம் சொல்ல வரவில்லை. அவளைக் கீழே கொண்டுவாரும். நீர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்?” என்றேன். இப்படியும் ஜெபிக்கலாமா என்று கேட்பீர்கள். நான் ஜெபித்தேன்.

புதன்கிழமை வகுப்பில் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தவன் சீண்டினான். “ஏய் கோப்பிக்காட்டான், உங்க துரைதானே? கூடைக்கு எவ்வளவு பழம்னு அதையும் சேர்த்து எழுதுடா.” வகுப்பு சிரித்தது. நான் தாள் நிறையச் சாபம் எழுதினேன். பேனா முனை தாளைக் கிழித்தது.

யாழ்ப்பாணத்தவரான எங்கள் உபாத்தியாயர் அதை எடுத்து வாசித்தார். பிரம்புக்குக் கையை நீட்டினேன்.

“கையை எடும். இது கடிதம் இல்லை, ஏச்சு. ஆர் செய்தது, என்ன செய்தது, இப்ப உமக்கு என்ன வேணும்? அதை எழுதும். மிச்சத்தை வெட்டும்.”

“நன்றி எழுத வேண்டாமா ஐயா?”

“அதுக்கு இஞ்சை ஒரு வகுப்பே இருக்குது.”

வெட்டினேன். கோபம் தணியவில்லை. ஆனால் அது வரிசையில் வந்து நின்றது. அந்த ஒழுங்கைத் தந்தது கர்த்தர் என்றே இன்றும் நம்புகிறேன். மிஞ்சியது இவ்வளவுதான்: “தங்கள் தோட்டத்தில் என் அக்காள் அன்னம்மாள் காய்ச்சலில் கிடக்கிறாள். கங்காணி துண்டு கொடுக்க மறுக்கிறார். அவளை உடனே கண்டி ஆசுபத்திரிக்கு அனுப்புங்கள்.” வேறு தாளில் அதைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன்; உபாத்தியாயர் அதையும் மற்றக் கடிதங்களோடு சேர்த்துக் கட்டி அனுப்பினார்.

அந்தச் சனிக்கிழமை முனியாண்டி அண்ணனின் வண்டி, நான் காத்து நின்ற ஆசுபத்திரி வாசலில் வந்து நின்றது. “கூலி சனம் குடியிருக்கிற லயத்துக்கே துரை வந்துட்டாரு தம்பி. கையில கடுதாசி. கங்காணி மூஞ்சியப் பாக்கணுமே.” வைக்கோல் மேல் அக்கா கிடந்தாள். என்னைப் பார்த்து, “படிப்ப விட்டுட்டு இங்க என்னடா பண்ற?” என்றாள்.

அக்கா பிழைத்தாள். கர்த்தருக்குக் கோடி ஸ்தோத்திரம். துரையின் இரக்கத்தை ஏன் சொல்வதில்லை என்று சபையில் சிலர் என்னைக் கடிந்துகொள்கிறார்கள். சொல்ல மாட்டேன். மூன்று வசனம் எழுதத் தெரிந்த தம்பி இல்லாதவள் அவர் தோட்டத்தில் கிடந்து சாக வேண்டுமா? அன்றுமுதல் தோட்டத்துச் சனங்களுக்காக மனு எழுதிக் கொடுக்கிறேன். சகோதரரே, கோபத்தோடு வந்தாலும் கர்த்தர் தள்ளுவதில்லை. வந்து கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுங்கள்.

இன்னொன்றையும் பதிந்துவைக்க வேண்டும். அதே வண்டியில் அக்காவின் பக்கத்தில் இன்னொரு பெண்ணும் காய்ச்சலில் கிடந்தாள். வேறொரு லயத்தவள், அக்காவுக்கு அவள் பெயர் தெரியாது. ஆசுபத்திரியிலும் தோட்டத்திலும் விசாரித்தேன். அவள் பிழைத்தாளா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.