வைன் நிலவறையில் ஒரு மெழுகுதிரி

அப்பாவின் வேலைச் சட்டையில் புளித்த மாவும் ஈரப் பலகையும் கலந்ததுபோல் ஒரு வாசம் இருக்கும்; திராட்சை பறிக்கும் மார்ச் மாதத்தில் எங்கள் பிளாக்டவுன் வீட்டில் அம்மா சமைக்கும் 'குசினி' வரைக்கும் அது கூடவே வரும்.

சிட்னிக்கு வெளியே, பழைய வைன் தோட்டமொன்றின் கல் நிலவறையில் அவருக்குப் பீப்பாய் கழுவும் வேலை. தோட்டத்தின் முதல் கொடிகள் தென்னாபிரிக்காவின் கேப் கரையிலிருந்து கப்பலேறி வந்தவை என்று முதலாளிக் கிழவர் காணும்போதெல்லாம் சொல்லுவார். மன்னாரிலிருந்து வந்த எங்களைவிட அந்தக் கொடிகளுக்கு ஊர்ப்பெருமை அதிகம்.

சாறு நொதிக்கும்போது எழும் வாயு நிலவறையின் அடியில் தேங்கி நிற்கும், ஆளைக் கொல்லும். அதனால் மெழுகுதிரியோடு இறங்குவது அங்கே பரம்பரை வழக்கம்: சுடர் அணைந்தால் அந்தக் கணமே மேலே வந்துவிட வேண்டும். அம்மாவோ கோயிலில் ஆசீர்வதித்த திரிகளையே கொடுத்தனுப்புவார்.

எனக்கு ஒன்பது வயது. ஒரு சனிக்கிழமை அக்காவையும் என்னையும் படிவாசலில் நிறுத்தி, "வெளிச்சம் 'நூந்தால்' கத்தவேணும், சரியோ?" என்றுவிட்டு அப்பா இறங்கினார். சற்று நேரத்தில் சுடர் நூந்து, கீழே ஒரே இருட்டு. மாவீரனான நான் என்ன செய்தேன்? முழங்காலில் விழுந்து, 'அருள்நிறைந்த மரியே' என்று தொடங்கி, அடுத்த வரி மறந்து, திரும்பவும் தொடங்கி, காற்சட்டையையும் நனைத்துக்கொண்டேன். அக்காதான் ஓடிப்போய் மணிக்கயிற்றை இழுத்தாள். வேலையாட்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, அப்பாவை இழுத்துவந்து புல்லில் கிடத்தினார்கள்.

திரி கைதவறி விழுந்து அணைந்ததாம். "ஆசீர்வதிச்சது நிலத்தில கிடக்கலாமோ?" என்று எடுக்கக் குனிந்திருக்கிறார், வாயு தேங்கிய அடிமட்டம் வரைக்கும்.

இருமி ஓய்ந்ததும் என்னைப் பார்த்தார்.

"ஏன்டா கத்தேல்லை?"

"செபிச்சனான் அப்பா."

"நல்லகாலம், கொக்காவுக்குப் பக்தியில்லை" என்று அக்காவைக் காட்டினார்.

இன்று கேப் கொடிகளைப் பிடுங்கிவிட்டு வீடுகள் கட்டியிருக்கிறார்கள். மிஞ்சிய நிலவறையில் கல்யாணப் படம் பிடிக்கிறார்கள். போன மாதம் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில், அப்பாவின் தலைமாட்டுத் திரையில் பச்சைக் கோடு நிமிராமல் படுத்துவிட்டபோது, ஐம்பதை எட்டும் நான் மறுபடி 'அருள்நிறைந்த மரியே' என்று தொடங்கி மறுபடி அதே இடத்தில் நின்றேன். மணியை அழுத்தியது அக்காதான். தாதிகள் ஓடித்தான் வந்தார்கள்.

இந்தமுறை "ஏன்டா கத்தேல்லை?" என்று கேட்கத்தான் ஆளில்லை.